மனஒத்திகை

சிதம்பரத்தில் உளவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அந்தப் படிப்பை வைத்து அப்பாவுக்கு நான் செய்ததை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

போன ஆனியில் முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகு கவிழ்ந்து பக்கிரி சித்தப்பா கடலோடு போனார். அப்பா மட்டும் நீந்திக் கரைசேர்ந்தார். அதன்பிறகு படகில் கால் வைக்கவில்லை. அம்மாவின் தம்பி ஞானசேகரன் மாமாவுக்கு முதுநகரில் ஆட்டோ உண்டு.

"லைசென்ஸ் எடுத்துடுங்க மச்சான், பகல் வண்டி உங்களுக்குத்தான். தை பொறக்கற வரிக்கும் பாப்பேன். அப்பறம் வேற ஆளு போட்டுடுவேன்" என்றார்.

நாற்பத்தெட்டு வயதில் அப்பாவுக்கு ஆட்டோ வசப்படவில்லை. இரண்டு முறை தேர்வில் தோற்றார். நான் விடுவேனா! பாடத்தில் படித்ததையெல்லாம் அவர் தலையில் கொட்டினேன். முதலில் சின்னச் சின்ன வெற்றி: கிளப்பு, பத்தடி போ, நிறுத்து. அடுத்து, 'எனக்கு வராது' என்பதை 'இன்னும் வரல' என்று மாற்றிச் சொல்லவைத்தேன். கடைசியாக மனஒத்திகை. தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு, எட்டு போட்டு முடிப்பதாக இருபது முறை நினைக்க வேண்டும். ஆட்டோவில் உட்கார்ந்தாலே வந்த பயம் போனது. அம்மாவிடம் சிரித்துப் பேசினார். நான் வகுப்பில் பீற்றிக்கொண்டேன்.

மார்கழிக் கடைசியில் மூன்றாவது தேர்வு. கொஞ்சமும் பயமில்லாமல் ஏறினார். முதல் வளைவிலேயே, இடப்பக்கம் போகவேண்டிய வண்டியை வலப்பக்கம் ஒடித்துக் கம்பத்தில் மோதினார்.

"என்னப்பா, மாத்தி ஒடிச்சிட்டியே?"

"தெனம் நெனச்சதத்தாம்மா செஞ்சேன்."

வலது கையால் காற்றில் தள்ளிக் காட்டினார். அது படகு இன்ஜினின் கைப்பிடி. அதை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். முப்பது வருடப் பழக்கம். கண்ணை மூடியதும் அவருக்குப் படகுதான் வந்திருக்கிறது. எப்படித் திருப்புகிறாய் என்று ஒருநாளாவது கேட்டேனா? நாற்பது நாள் உட்காரவைத்துத் தப்பை உருவேற்றியிருக்கிறேன், பாவி.

தை பிறந்தது. ஆட்டோவுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

"இன்னொரு தடவ பாக்கலாம்பா. மாமாகிட்ட நான் பேசறேன்."

"வேணாம்மா. ஒன்னாலதான் பயம் போச்சி. இப்பல்லாம் கண்ண மூடுனா பக்கிரி தெரியறதில்ல. படகு நல்லாத் திரும்புது. நாளைக்குக் கடலுக்குப் போறேன்."

அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ஏதாச்சும் சொல்லேன்டி" என்றாள்.

கொடுத்த தைரியத்தை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.