தெரியாது டாக்டர்

அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் நான்தான். எங்கள் மாட்டு டாக்டரிடம் எதைக் கேட்டாலும், "தெரியாதுக்கா, பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரியாது என்று சொல்லவா இவ்வளவு படித்தாள்?

எங்கள் பண்ணையில் குண்டச்சி என்றொரு பசு. நிறைசினை. தீவனத்தில் குறை வைக்கவில்லை, ஆனாலும் சாணம் தண்ணீராகப் போய், விலா எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடவே சங்கடமாக இருந்தது. பூச்சி மருந்து கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய் டாக்டருக்குப் போன் செய்தேன்.

"சாப்பாடு நல்லாத்தான் இறங்குது. தின்னது எதுவும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது."

"யாருக்கு? குண்டச்சிக்கா, அண்ணனுக்கா?"

வருஷக்கணக்காகக் குடல் அழற்சியோடு மல்லாடும் என் வீட்டுக்காரரைப் பற்றியும் இதையேதான் எல்லோரிடமும் புலம்பியிருந்தேன்.

டாக்டர் நேரில் வந்து, சோதனைக்கு ரத்தமும் சாணமும் எடுத்துப் போனாள். ஈனும் நாள் நெருங்கியபோது முடிவோடு வந்தாள்.

"காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிக்கா. குடல்லயே குடியிருக்கும். குண்டச்சியைக் குணப்படுத்த முடியாது, அவளை வேற யார் தலையிலயும் கட்டவும் கூடாது. கன்னுக்குட்டியையாவது காப்பாத்தப் பாப்போம். ஆனா அது அம்மா மடியில வாய் வைக்கவே கூடாது."

அந்தக் கன்றாவது பிழைக்க வேண்டுமே என்று எனக்கு அடித்துக்கொண்டது. ஈன்ற அன்று டாக்டர் தானே குண்டச்சியின் பின்புறத்தைத் தேய்த்துக் கழுவி, சுத்தமான விரிப்பை விரித்து, கன்று தரையில் படாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். சட்டையெல்லாம் நாசம். அவள் முகம் சுளிக்கவே இல்லை. அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோயில்லாத வேறொரு பசுவின் சீம்பாலை என் வீட்டுக்காரர்தான் பாட்டிலில் புகட்டினார். புகட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, எனக்கு வந்ததும் இதேதானா? நம்ம பால்லேர்ந்து வந்திருக்குமா?"

"தெரியாதுண்ணே. சம்பந்தம் இருக்கலாம்னு சில பேர் சொல்றாங்க, இன்னும் யாரும் நிரூபிக்கல. பாலை நல்லாக் கொதிக்க வெச்சுக் குடிங்க. உங்க மருந்தை நிறுத்தாதீங்க."

அவர் சிரித்துவிட்டார். "காரத்தால வந்துச்சு, கவலையால வந்துச்சு, பொண்டாட்டி சமையலால வந்துச்சுன்னு எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சு. தெரியாதுன்னு சொன்னவ நீ ஒருத்திதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலை ஏன் இழுத்தார் என்பது வேறு விஷயம், அதை அப்புறம் வைத்துக்கொண்டேன்.

"கன்னு தப்பிச்சிடுச்சா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"தெரியாதுக்கா. வயித்துக்குள்ள இருக்கும்போதே தொத்தியிருக்கலாம். வளர்ந்தாத்தான் தெரியும்."

முன்பென்றால் எரிந்து விழுந்திருப்பேன். இப்போது தலையை ஆட்டினேன். அவள் தெரியும் என்று சொல்லும் நாளில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

தள்ளியிருந்த கொட்டகையில் குண்டச்சி கன்றைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தாள். வேலை முடிந்த டாக்டர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. நேரே அங்கே போய், எலும்பும் தோலுமான அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கடி" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.