கம்பி சொன்ன மழை

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்படியே திரும்பிவிடலாமா என்று இருந்தது அந்தோணிமுத்துவுக்கு. தோளில் பேட்டரிப் பெட்டி கனத்தது. குஜிலியம்பாறையிலிருந்து மலைச்சாமியின் காட்டுக்கு இரண்டு மைல். ஆடிக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கிற வழிதான். இன்றைக்கு முடிவே இல்லாததுபோல் கிடந்தது.

திண்டுக்கல்லில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் அவர். அங்கே மின்சாரக் கம்பிகளின் உறுமல் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஆகவே மின்சாரம் எட்டாத இந்த மானாவாரிக் காட்டைத் தேடிப் பிடித்து, மூங்கில் கழிகள் நட்டு, உடைந்த சோடாப் புட்டிக் கழுத்துகளில் மாட்டி, கால் மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்திருந்தார். எந்த நிலையமும் பேசாத, மிகத் தாழ்ந்த அலைகளைக் கேட்கிற கம்பி. மின்னல் வெட்டினால் அதில் பொரிகிற சத்தம் வரும். அபூர்வமாக அந்த மின்னலின் அலையே பூமியை விட்டு வெகு தூரம் போய்த் திரும்பி, மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும் விசிலாகக் கேட்குமாம். அதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. விசில் வரவே இல்லை. பொரிகிற சத்தம் மட்டும் ஓயவில்லை.

ஒரு நாள் அந்தச் சத்தம் வருகிற ஹெட்போனை மலைச்சாமியின் காதில் வைத்ததுதான் தப்பாகப் போயிற்று.

"என்ன இது, சோளம் பொரியிற மாதிரி?"

"மின்னல்ணே."

"மின்னலா! அப்ப மழை வருதுன்னு சொல்லுங்க."

அந்தோணிமுத்து ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அந்த மின்னல் கடலுக்கு அப்பால் ஆயிரம் மைலில் வெட்டியதாகவும் இருக்கலாம். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்பதை அந்தக் கம்பி சொல்லாது. ஆனால் அதைச் சொன்னால், உழுகிற நிலத்தின் நடுவே கழி நட யார் விடுவார்கள்? முதல் வருஷம் தற்செயலாக மழை பெய்தது. ஊரே கம்பியை நம்பத் தொடங்கியது. போன வருஷம் விதைத்தது கருகியபோதுகூட, கழி ஒன்று சாய்ந்திருந்ததுதான் காரணம் என்று மலைச்சாமி சமாதானம் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். "சத்தம் நெறைய இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு அந்தோணிமுத்து பஸ் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வாரமாக அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

களத்தில் மலைச்சாமியின் மனைவி ராமுத்தாய் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டை பிரித்தாகிவிட்டது. இன்னொன்று சுவரோரம் கட்டியபடி நின்றது. தோலோடு இருந்தால் அடுத்த மழை வரைக்கும் தாங்கும். உடைத்த பருப்பை நாலைந்து நாளில் மண்ணில் போட்டாக வேண்டும். போன வருஷம் போனது போக, வீட்டில் மிஞ்சிய விதை அந்த இரண்டு மூட்டைதான்.

"வாங்க தம்பி. ஒங்க பேச்சை நம்பித்தேன் வெரல் தேயுது" என்றாள் ராமுத்தாய்.

"மதினி, நிறுத்துங்க."

"ஏன்? கம்பி வேற மாதிரி சொல்லுதா?" என்று எழுந்து வந்தார் மலைச்சாமி.

"கம்பி ஒண்ணும் சொல்லாதுண்ணே. மின்னல் எங்கயோ வெட்டுது, அம்புட்டுத்தான். இங்க மழை வருமான்னு எனக்குத் தெரியாது. எப்பவுமே தெரியாது."

மலைச்சாமி சிரித்தார். பிறகு அந்தோணிமுத்துவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டார்.

"அப்ப தலைய ஆட்டுனது?"

"கம்பிய அவுக்கச் சொல்லிருவீகளோன்னு."

ராமுத்தாய் கையிலிருந்த கடலையை உடைக்காமல் மூட்டைக்குள் போட்டாள். முறத்தில் குவிந்திருந்த பருப்பைப் பார்த்தாள். கால் மூட்டைக்கு மேல் உடைத்திருந்தாள்.

"ஒரு வார்த்தைல போயிருக்கும். மூணு வருசமா அது வாயில வரலையா தம்பி?"

அந்தோணிமுத்து பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். மலைச்சாமி வானத்தைப் பார்க்கவில்லை, கம்பியைப் பார்த்தார். "போறப்ப சுருட்டிட்டுப் போயிருங்க" என்றார்.

"சரிண்ணே."

"அது அப்பறம்" என்றாள் ராமுத்தாய். "ஊருக்குள்ள இன்னும் எட்டு வீட்டுல ஒடச்சுக்கிட்டு இருக்காக. நாங்க போய்ச் சொன்னா நம்ப மாட்டாக. நீங்களே போங்க. செத்த நேரம் கழிச்சுப் போனா இன்னும் ஒரு மூட்டை வீணாத்தான் போகும்."

அவர் பெட்டியைத் திரும்பத் தோளில் மாட்டிக்கொண்டார். அதை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம் என்பதுகூடத் தோன்றவில்லை.

முதல் வீடு நாச்சிமுத்துவுடையது. குடும்பமே வட்டமாக உட்கார்ந்திருந்தது.

"வாங்க ரேடியோக்காரரே! நாளைக்கா, நாளான்னைக்கா?"

"ஒடைக்கிறத நிறுத்துங்க. மழை வருமான்னு எனக்குத் தெரியாது."

நாச்சிமுத்து தொடையைத் தட்டிச் சிரித்தார். "மலைச்சாமி சொல்லிவிட்டானா? எல்லாருக்கும் முந்தி அவன் வெதைச்சுக்கிறதுக்கு? ஏலே, நீங்க ஒடைங்கடா!"

தொலி உடைபடும் சத்தம் மறுபடி தொடங்கியது. அந்தோணிமுத்து பெட்டியைக் கீழே இறக்கினார். தோள்பட்டை எரிந்தது. இதற்குப் பிறகு இன்னும் ஏழு வீடு. அவர் வட்டத்துக்குள் உட்கார்ந்து, ஒரு பொடியன் உடைக்கப்போன கடலையை விரலோடு பிடித்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.