எசி நியார்க்கோவா பெருக்கி வைத்த ஞாயிற்றுக்கிழமைகள்

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எசி நியார்க்கோவாவின் மாவு அறைக் கதவு பிளந்து ஐம்பத்தெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஊருக்குள் இறங்கின. கதவுக்கு ஆன சேதம் இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாள். எல்லாமே அவளுடைய ஞாயிறுகள்தான். அந்த ஊர் வழக்கப்படி ஞாயிற்றில் பிறந்ததால்தான் அவளுக்கு எசி என்று பெயர்; ஆனால் கணவனின் படகு கடலிலிருந்து திரும்பாத வாரத்திலிருந்து அவள் அந்த நாளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ரொட்டி அடுப்பு ஒரு நாள் ஆறினாலும் தானும் மகள் அராபாவும் தெருவில் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்துவிட்டாள். ஞாயிறு வந்து வாசலில் நிற்கும். அவள் மாவு பிசைந்துகொண்டிருப்பாள். சாயங்காலம் தொடப்படாமல் தரையில் கிடக்கும் ஞாயிற்றைத் துடைப்பத்தால் பெருக்கி, மாவு மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். அதில் கஞ்சி போட்ட துணியின் வாசனை இருக்கும், எடை இருக்காது. கடைக்கு மேலே நீலப் பெயிண்டில் ‘தேவன் தூங்குவதில்லை ரொட்டிக் கடை’ என்று பலகை. யாராவது கேட்டால் அதைக் காட்டுவாள். "அவரே தூங்கல. நான் தூங்கி எந்த ராஜ்யத்த ஆளப்போறேன்?"

மறுநாள் சனிக்கிழமை, அராபாவுக்கும் படகுக்காரன் மகன் கோபினாவுக்கும் கல்யாணம் என்று ஏற்பாடு. ஆனால் வெள்ளி ஞாயிறாகிவிட்டது. அதற்கு மறுநாளும் ஞாயிறு, அதற்கு மறுநாளும் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையில் மோதிரம் மாற்றும் வழக்கம் அந்த ஆலயத்தில் கிடையாது. சனிக்கிழமைக்கோ ஊருக்குள் வர இடமில்லை.

முதல் சில நாள் ஊருக்குத் தலைகால் புரியவில்லை. படகு மோட்டார்கள் இருமிவிட்டு நின்றன. கத்தி வெட்டவில்லை, கரும்பலகையில் சாக்பீஸ் எழுதவில்லை. வியாழக்கிழமை வைத்த மீன் குழம்பு எவ்வளவு அள்ளியும் குறையவில்லை. பெண்கள் வெள்ளை உடையில் கடற்கரை வரை ஆடிக்கொண்டே போய், அங்கிருந்து ஆடிக்கொண்டே திரும்பினார்கள். கேப் கோஸ்ட்டிலிருந்து வந்த பேருந்து பாலத்தைத் தாண்டியதும் டிரைவர் உட்பட அத்தனை பேர் சட்டைக் காலரும் விறைத்துக்கொண்டது. பாட்டுப் பாடியபடியே இறங்கினார்கள். ஒன்பதாம் ஞாயிற்றில் உபதேசியார் அப்பேயாவிடம் பிரசங்கம் தீர்ந்துபோனது. தன் வீட்டு ஆட்டைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். அவருடைய பிரசங்கங்களிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றும் சொல்கிறார்கள்.

பதினோராம் ஞாயிறு சாயங்காலம் அராபா மாவு அறையில் எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூடக் குறையாமல் ஐம்பத்தெட்டு இருந்தன. ஊர் முழுக்கக் கொண்டாடிய ஞாயிறு பொழுது சாய்ந்ததும் உரியவளைத் தேடி வீட்டுக்கு வருகிறது, அவள் பிசைந்துகொண்டிருப்பதைப் பார்க்கிறது, பேசாமல் மூட்டைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்கிறது.

"அம்மா, பதினோரு நாளா ஒரே மாவப் பெசையிற. அது பொங்கவே இல்ல."

"கல்யாணத்துக்கு நானூறு ரொட்டி வேணும்டி. நான் ஒக்காந்தா யாரு சுடுவா?"

"நீ ஒக்காரலன்னா கல்யாணமே இல்ல. இவரோட பெரியம்மாங்க நிச்சயத்துக்குக் குடுத்த சாராய பாட்டிலையெல்லாம் திருப்பிக் கேக்கப் போறாங்களாம்."

கோபினா கதவோரம் நின்றிருந்தான். "அத்தே, கடலுக்கே செவ்வாக்கெழமை லீவு விடறோம். ஒரு பய வலை வீசறதில்ல. நீங்க என்ன, கடலவிடப் பெருசா?"

"கடலுக்குக் கட்டிக்குடுக்கப் பொண்ணு இருக்காடா?"

எசியோடு ஒரே வகுப்பில் படித்த அப்பேயாவைக் கூட்டிவந்தார்கள். பதினோரு நாளாகக் கழற்றாத அங்கியோடு அவர் மாவு மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எசி, ஆதாம் ஆறாம் நாள் வேலைக்குச் சேந்தான். மறுநாளே லீவு. ஒரு களைகூடப் புடுங்கல, அதுக்குள்ள ஓய்வு. மம்பட்டியெல்லாம் அதுக்கப்புறம்தான்."

"ஆதாமுக்குச் சம்பந்தி தொல்லை இல்லையே, உபதேசியாரே."

"ஒன் பலகையவே நீ சரியாப் படிக்கல. அவரு தூங்கறதில்ல. அதனால நீ தூங்கலாம்."

எசி கையை மாவிலிருந்து எடுக்கவில்லை. "அடுப்பு ஆறிடுமே" என்றாள். குரல் சின்னப் பெண்ணுடையதாக இருந்தது.

"ஆறட்டுமே."

மறுநாள் காலை அராபா தாயின் கையைக் கழுவி, கடலைப் பார்த்து ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். படகு போனதற்குப் பிறகு எசி கடலைப் பார்த்தது அன்றுதான். அவள் கைகள் வெறும் காற்றைப் பிசைந்தன. அராபா தன் கையை உள்ளே கொடுத்தாள்; எசி மதியம்வரை மகளின் விரல்களைப் பிசைந்தாள், பிறகு அழுதாள், பிறகு அங்கேயே சாய்ந்து தூங்கிப்போனாள். சாயங்காலம் அந்த ஞாயிறு அவளைத் தாண்டி மணலில் இறங்கி, படகுகளுக்கு நடுவே புகுந்து, தண்ணீர்மேல் நடந்து போனது. அறையில் ஐம்பத்தேழு மிச்சம்.

அந்தச் செய்தியைக் கேட்ட பெரியம்மாக்கள் பாட்டில் பேச்சை விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் எசி எறும்புகளை எண்ணினாள். பத்தாம் நாள் உபதேசியாரின் ஆட்டுக் கதையை மறுபடி சொல்லச் சொல்லிச் சிரித்தாள். முப்பதாம் நாளுக்குள் குறட்டை விடக் கற்றுக்கொண்டாள். அது பாடகர் குழுவின் அடிக்குரலோடு சேர்ந்தது. கடைசி ஒன்றை மட்டும் செலவழிக்காமல் துணியில் சுற்றி மகளுக்குச் சீதனமாக எடுத்துவைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. வெளியூர்க்காரர்களும் சனிக்கிழமை என்றார்கள், அதற்குமேல் யாரும் விசாரிக்கவில்லை. எசி அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பழைய மாவு ஒரே மூச்சில் பொங்கிக் கூரையை ஒரு சாண் தூக்கியிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு ரொட்டி தேறின. கல்யாணம் நடந்தது.

சீதன ஞாயிறு இன்றும் அராபாவின் தகரப் பெட்டியில் இருக்கிறது. வலை கிழிந்துபோன புதன்கிழமைகளில் மூடியை ஒரு விரலளவு திறந்து வைப்பார்கள். அந்தத் தெருவே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடும். எசி ரொட்டி விலையை ஏற்றவில்லை. பலகையையும் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை பூட்டியிருக்கும். ‘தேவன் தூங்குவதில்லை’ என்ற நீல எழுத்துக்குக் கீழே, உள்ளிருந்து குறட்டை கேட்டுக்கொண்டிருக்கும்.