பாண் ஓட்டோ வராத பின்னேரம்

ஏசினால்தான் என் மகள் ஜெயனி வயலினைத் தொடுவாள். தொட்டாலும் கண் மணிக்கூட்டில்தான் இருக்கும். வயலின் வகுப்புக்குப் புதிதாக வந்த ஜெசிதா ரீச்சரோ, தெருவில் பேக்கரிப் பாண் விற்க வரும் ஓட்டோ போடுகிற மெட்டைப் படிப்பிக்கத் தொடங்கினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"ரீச்சர், உந்த மெட்டைப் படிக்கவோ நான் பிள்ளையை அனுப்புறன்?"

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. நெடுகக் கேட்ட மெட்டு. பிழை விட்டால் அவளே பிடிப்பாள்."

"ஓம், பாப்பம்" என்று முகத்தை நீட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் குசினிக்குள் நின்றபோது பாண் ஓட்டோவின் மெட்டுக் கேட்டது. அடுப்பைத் தணித்துவிட்டுக் காசோடு கேற்றடிக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் அன்ரியும் எதிர்வீட்டு றோயும் பையோடு நின்றார்கள். ஓட்டோவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், எங்கள் விறாந்தையில் ஜெயனி கண்ணை மூடிக்கொண்டு வயலின் வில்லை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, எனக்கு ரெண்டு றாத்தல் பாண்!" என்று றோய் கத்தினான். எல்லோரும் சிரித்தோம். அவள் இன்னும் பலமாக, முதலிலிருந்து தொடங்கினாள்.

ஜெசிதா ரீச்சர் கெட்டிக்காரிதான். அன்றிரவு சோறு ஆறிப்போக, "காணும் மேனை, வாசிச்சது போதும், வயலினை வைச்சிட்டு வா" என்று நான் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.