விரால் கடித்த வால்

எங்கள் தல்லாகுளம் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மீன் பாடிக்கொண்டிருந்தது. நான் கதை விடவில்லை. தொட்டித் தண்ணீருக்குள் இரண்டு கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு சின்ன ஸ்பீக்கர். அதைப் போட்டால் போதும், தெருமுனை டிரான்ஸ்பார்மரின் இரைச்சலை யாரோ சுருதி சேர்த்து வைத்த மாதிரி ஒரு முனகல் வீட்டை நிறைக்கும். கண்ணாடி போல உடம்பின் மறுபக்கம் தெரியும் மீன். அதன் வாலில் உள்ள மின் உறுப்பு ஓயாமல் துளித்துளியாக மின்சாரம் விடுகிறதாம். இருட்டில் அதை வைத்துத்தான் வழி பார்க்கிறதாம்.

மீன் என் தங்கை ரோகிணியுடையது. அவள் ஆராய்ச்சி மாணவி. ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று தொட்டியோடு என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கருத்தரங்குக்காகப் பெங்களூரு கிளம்பினாள்.

"அக்கா, ஆரம்பத்துல இருந்து இந்த ஒரு மீனோட குரலத்தான் பதிவு பண்ணிட்டு வாரேன். இது செத்துப்போச்சுன்னா எல்லாம் மறுபடி முதல்ல இருந்து."

"சோறு போட்டாப் போதும்ல? நான் என்ன பச்சப்புள்ளையா?" என்றேன். என் வாய் அப்படி.

அந்த மீனின் வரலாற்றையும் அவள்தான் சொன்னாள். "ரொம்ப ரொம்ப காலத்துக்கு முந்தி மீனுகளுக்குள்ள ஒரு ஜீன் ரெண்டாச்சுக்கா. சதை சுருங்க உதவுற ஜீன். ஒண்ணு சதையிலேயே இருந்து பழைய வேலையப் பாத்துச்சு. அந்தத் தெம்புலதான் இன்னொண்ணு மாறி, மின் உறுப்புக்குப் போச்சு. ஆப்பிரிக்காவுல ஒருக்க, தென் அமெரிக்காவுல ஒருக்க, தனித்தனியா இதே மாதிரி நடந்துருக்கு."

சதையிலேயே தங்கிவிட்ட அந்த ஜீனை எனக்கு நன்றாகத் தெரியும். அப்பா போனதும் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தி, ஜெராக்ஸ் கடையில் நின்று, பிறகு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய் இவளைப் படிக்க வைத்தவள் நான். பொறாமையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

ஆனாலும் அந்த முனகல் எனக்குப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கத்திரி வெயில் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, தொட்டிக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தேன். சுருதி எலும்புக்குள் இறங்கியது. உடம்பு கனமில்லாமல் போனது. தண்ணீருக்குள் ஒரு வகுப்பறை. பெஞ்சில் வரிசையாக மீன்கள், நடுவில் நான், ரெட்டைச் சடையோடு. டீச்சர் பெயர் கூப்பிடுகிறார். "முனீஸ்வரி." உள்ளேன் அம்மா என்று வாயைத் திறந்தால் அந்த முனகல்தான் வருகிறது. டீச்சர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்கிறார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். பிறகு முனகல் மெலிந்தது, மெலிந்து இல்லாமல் போனது. வகுப்பறை இருட்டிவிட்டது.

கண்ணைத் திறந்தேன். வீடு ஊமையாக இருந்தது. தொட்டிக்குள் கறுப்பாக இரண்டு உருவங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் காளை, துண்டால் முகம் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்தார்.

"எந்திரிச்சிட்டியா முனீசு? எழுமலையில நம்ம கண்மாய் வத்திருச்சு, ஊரே எறங்கிப் புடிச்சோம். வெரால். சேத்து வாடை போகட்டும்னு நல்ல தண்ணியில விட்டேன்."

கண்மாயில் பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில்தான் குழம்பு வைக்க வேண்டும் என்பது அவருடைய ஊர்க் கட்டு. குழம்புக்கு முன் விராலை நல்ல தண்ணீரில் விட்டு வைப்பதும் வழக்கம்தான். அதற்கு இந்தத் தொட்டிதானா கிடைத்தது?

"அய்யோ, ரோகிணியோட மீனு இருக்குங்க உள்ள!"

"அது கரண்டு மீனாச்சே! வெரால் கிட்டப் போனா அது அடிச்சிராதா?"

"அடிக்காது! வழி பாக்குற அளவுக்குத்தான் அதுக்குக் கரண்டு!"

ஷாக் அடிக்கும் என்று பயந்து அதுவரை அந்தத் தொட்டியை ஒரு விரலால்கூடத் தொடாத மனுசன், தோள் வரை கையை விட்டு இரண்டு விராலையும் வெளியே இழுத்துப் போட்டார். மூலையில் எங்கள் மீன் கிடந்தது. பாதி வால் இல்லை.

நான் உடனே தங்கைக்குப் போன் போட்டேன். மறைக்க மனசு வரவில்லை. நடந்ததை அப்படியே சொல்லி முடித்தேன்.

"நீந்துதாக்கா?"

"நீந்துது."

"பொழைச்சுதுன்னா வால் வளரும். சுத்தமான தண்ணி மாத்து. இதோ வாரேன்."

விரால் குழம்பு பக்கத்து வீட்டுக்குப் போனது. எங்கள் வீட்டில் அன்று ரசம்தான். காளை அதையும் சாப்பிடவில்லை.

ரோகிணி வந்து யாரையும் திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தினமும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நாள், வால் நுனியில் மொட்டு மாதிரி ஏதோ வந்திருப்பதைக் காட்டினாள்.

"வெறும் சதைதான் இப்போதைக்கு."

"சதைதானா?" என்றேன், உள்ளே எரிச்சலோடு.

"சதைதான்க்கா மொதல்ல வரணும். அப்புறம்தான் அதுல கொஞ்சம், சுருங்குற வேலைய விட்டுட்டு கரண்டு உறுப்பா மாறும்." மீனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். "சதை வராம ஒண்ணும் வராதுக்கா." அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் ஸ்பீக்கர் லேசாக முனகியது. மூவரும் ஓடினோம். ரோகிணி லேப்டாப்பில் பார்த்தாள். மெலிசாக இருந்தாலும் பழைய சுருதியேதான். அவள் ஆராய்ச்சி பிழைத்துவிட்டது.

"பழசு எப்படி மறக்காம இருந்துச்சு?" என்று காளை கேட்டார்.

"சுருதி மூளையில இருந்து வருது மாமா. அது ஒரு நிமிசம்கூட நிறுத்தல. வால் இல்லாததால நமக்குத்தான் கேக்கல."

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தொட்டியின் கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றேன். தண்ணீருக்குள் யாரோ என் பெயரைக் கூப்பிட்டது மாதிரி இருந்தது.

"ஏன்டி ரோகிணி, தபால்ல காலேஜ் படிக்க வயசுக் கணக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.