நனைந்த சட்டையோடு வந்த விருந்தாளி

ஒனுஃப்ரியோவின் சிம்பாலி செத்தவர்களுக்கு ஒலிக்காது. பரானா மாநிலத்தில், புருடென்டோபோலிஸை அடுத்த எங்கள் முன்னோர் உக்ரைனிலிருந்து கடல் கடந்து வந்து அமைத்த குடியிருப்பில், தேநீர் போடும் யேர்பா இலையின் விலையைப் போல இதுவும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்கள் உக்ரைனியக் கல்யாணங்களில் வாத்தியக்காரர்கள் வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவருக்கும் வரவேற்பு மெட்டு வாசித்தாக வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் வருஷக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். தங்களுக்காகக் கோயிலில் நினைவுப் பாட்டு பாடும்வரை செத்தவர்களும் கல்யாணத்துக்கு வருவதுண்டு. ஒனுஃப்ரியோ குச்சிகளால் சிம்பாலியின் கம்பிகளைத் தட்டுவான், சத்தம் வராது. அவர்களும் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

எவுடோக்சியாவின் மகன் மெத்தோடியோவை வெள்ளத்தில் பட்டோஸ் ஆறு கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதவனுக்கு எதற்குப் பாட்டு என்று பாதிரியாரையே திருப்பி அனுப்பினாள் அவள். மெத்தோடியோ தன் தங்கை தெக்ளாவின் கல்யாணத்தன்று வந்து வாசலில் நின்றான். சட்டையிலிருந்து நீர் சொட்டியது. ஒனுஃப்ரியோ தட்டினான், கம்பிகள் ஊமையாகக் கிடந்தன. கூட்டம் தரையைப் பார்த்தது.

"கம்பி தளந்துபோச்சு தம்பி, முறுக்கி வை. புள்ள வெயில்ல நடந்து வந்திருக்கான், வேர்வையப் பாரு," என்றாள் எவுடோக்சியா. திரும்பப் போனவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், தட்டு நிறைய வரேனிகி கொழுக்கட்டை வைத்தாள். அவன் தொடவில்லை. ஒனுஃப்ரியோ, பாவம், கம்பிகளை முறுக்கிப் பார்த்தான். மற்ற எல்லாருக்கும் அவை நன்றாகத்தான் ஒலித்தன.

அதன்பின் ஊரில் எந்தக் கல்யாணமானாலும் அவன் வந்தான், அவள் இழுத்து உட்கார வைத்தாள். அவனுக்கு வயது ஏறவில்லை. செருப்பு மக்கிப்போய் வெறுங்காலோடு வந்தான், பற்கள் கிடுகிடுத்தன. நாங்கள் பார்க்காததுபோல் ஆடினோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தெக்ளாவின் மகளே மணப்பெண்ணாக நின்ற நாளில்தான் முதன்முறையாக அவன் வாய் திறந்தான்.

"அம்மா, குளிருதும்மா. ஈரத் துணியோட எத்தனை கல்யாணத்துக்குத்தான் வர்றது? பாடச் சொல்லும்மா."

எவுடோக்சியா அவன் கையை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், பாதிரியார் தொடங்குமுன் அவளே பாட்டை எடுத்தாள். குரல் உடைந்த இடங்களில் நாங்கள் தாங்கிப் பிடித்தோம். செத்தவர் நினைவாகத் தரும் வேகவைத்த கோதுமையைத் தேனோடு எல்லாருக்கும் அவள் கையாலேயே கொடுத்தாள்.

அடுத்த கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. எவுடோக்சியா வந்தாள். காய்ந்த சட்டை ஒன்றைத் தேய்த்து மடித்து எடுத்து வந்திருந்தாள். அத்தனை வருஷமும் அவன் நனைந்திருப்பதை அவள் ஒப்புக்கொண்டதேயில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி விருந்தாளி உள்ளே வரும்வரை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.