நாலாவது ஆட்டக்காரர்

கடலோரப் பாறைகளின் மேல் இருக்கிற அந்த கோல்ஃப் மைதானத்தில் ஆட இடம் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வருஷத்தில் ஒரே ஒரு நாள், காலை பத்து மணிக்கு, இணையத்தில் கதவைத் திறப்பார்கள். ஊர் உலகத்தில் உள்ள கோல்ஃப் பைத்தியங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முண்டியடிக்கும். பத்தரைக்குள் அடுத்த வருஷத்து இடம் முழுக்கத் தீர்ந்துபோகும். மூன்று பேராகப் போனால் சேர்க்க மாட்டார்கள், ஐந்து பேர் என்றாலும் ஆகாது, சரியாக நாலு பேர் வேண்டும். நாலு பேருக்கும் அவரவர் கிளப் கொடுத்த ஹேண்டிகேப் சான்றிதழ் இருக்க வேண்டும், அதாவது இந்த ஆள் பந்தை அடிக்கிறேன் என்று புல்தரையைப் பெயர்த்துவிட மாட்டார் என்கிற அத்தாட்சி. ஒரு தடவை பேர் கொடுத்தால் கொடுத்ததுதான், அப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற மாட்டார்கள்.

இந்த வம்பு பிடித்த வேலை வழக்கம்போல் சின்னவர் தலையில் விழுந்தது. லிஃப்ட் மாட்டும் கம்பெனி அவருடைய அக்கா வீட்டுக்காரருடையது. அங்கே அத்தான் பெரியவர், இவர் சின்னவர். முதுகுக்குப் பின்னால் இவருக்கு இன்னொரு பேரும் உண்டு: வால். பெரியவர் எங்கே போனாலும் இவர் பின்னாலேயே போவதால் மெக்கானிக்குகள் வைத்த பேர். நாற்பத்து நாலு வயசு மனுஷனுக்கு வைக்கிற பேரா அது? ஆனால் பொய்யில்லையே. சின்னவருக்கும் அது தெரியும்.

ஏன் பின்னாலேயே போகிறார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அத்தானுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரங்கள் தெரியும், நேராகப் பார்த்தால் நடுவில் புகை மண்டிய மாதிரி இருக்கும். ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண் ஆஸ்பத்திரி கார் நிறுத்தத்தில் அத்தான் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்காவுக்குத் தெரியக் கூடாது மாப்ள. யாருக்குமே தெரியக் கூடாது" என்றார். "சரி அத்தான்" என்றார் இவர். அந்த இரண்டு வார்த்தையில் மாட்டிக்கொண்டவர்தான்.

அன்றிலிருந்து ஆபீசில் அத்தான் எந்தக் காகிதத்தையும் தொடுவதில்லை. நாற்காலியில் சாய்ந்து, "படி" என்பார். சின்னவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு அகலம், உயரம், குழியின் ஆழம் என்று ஒன்று விடாமல் படிப்பார். அத்தான் கண்ணை மூடியபடியே தப்பைச் சொல்லிவிடுவார். "பெரியவர் கண்ணால பாக்கவே வேண்டாம்பா, மூளையாலேயே பாக்குறாரு" என்று மெக்கானிக்குகள் மெய்சிலிர்த்துப் போவார்கள். சின்னவர் அடுத்த வரைபடத்தை எடுத்து விரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பிலும் அதே கதைதான். காலடியில் இருக்கும் பந்தைத் தலையைச் சாய்த்து எப்படியோ பார்த்து அத்தான் அடித்துவிடுவார், முப்பது வருஷக் கை. அது எங்கே போய் விழுகிறது என்பது அவருக்குத் தெரியாது. சின்னவர் மூச்சு விடுகிற சத்தத்தில், "நூத்தம்பது கெஜம், கொஞ்சம் வலது, மணலுக்கு முன்னாடி" என்பார். அத்தான் உடனே உரத்த குரலில், "மணலுக்கு முன்னாடி நின்னுடுச்சு பாருங்க" என்பார். கூட ஆடுகிற பல் டாக்டரும் அத்தானுடைய சம்பந்தியும் தலையாட்டுவார்கள். இன்னொருத்தர் பந்தின் மேலேயே கண்ணை வைத்திருந்ததில் சின்னவருடைய சொந்த ஆட்டம் நாசமாய்ப் போனது. காய்ச்சலென்று ஒரு ஞாயிறு படுக்க முடியாது. மச்சினி வீட்டு விசேஷம் என்று ஒரு நாள் லீவு போட முடியாது. இவர் இல்லாத ஒரு நாளில் எல்லாம் அம்பலமாகிவிடும். சில நாள் காலையில் செருப்பு மாட்டும்போதே அவருக்கு மூச்சு முட்டும்.

போன மாதம் இன்னும் மோசம். கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் அத்தான் பேசிக்கொண்டே நடந்தார். எதிரே லிஃப்டுக்கு விட்ட இடம், இன்னும் கதவு மாட்டவில்லை. சின்னவர் பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். "என்ன மாப்ள, சட்டைய கிழிச்சிட்ட" என்று சிரித்தார் அத்தான்.

இப்போது அவருக்கு ஒரு வழி திறந்திருந்தது. ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு பயிற்சி நிலையம், லிஃப்ட் மெக்கானிக்குகளுக்குப் பாடம் நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் மனைவி காலையும் மாலையும் அதே கேள்விதான் கேட்டாள்.

"அத்தான்கிட்ட எப்பங்க சொல்லப் போறீங்க?"

"புதன்கிழமை சொல்லிடறேன்."

"போன புதன்கிழமையும் இதைத்தான் சொன்னீங்க."

அந்தப் புதன்கிழமைதான் மைதானத்துக்காரன் கதவைத் திறக்கிற நாள். ஒன்பதரைக்கே அத்தான் சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே யாரோ இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் சின்னவர், மேஜைக்கு அந்தப் பக்கம் அத்தான். நாலு பேர் யார் என்பது எப்போதோ முடிவான விஷயம்: அத்தான், பல் டாக்டர், சம்பந்தி, சின்னவர். அக்காவும் ஆடுவாள். செவ்வாய்க்கிழமை பெண்கள் ஆட்டத்துக்குப் போய்ப் போய் அத்தானைவிட நல்ல ஹேண்டிகேப் வாங்கி வைத்திருந்தாள். அவள் சான்றிதழும் வீட்டு ஆட்கள் எல்லோருடையதோடு சின்னவரின் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஆனால் "அவ வந்தா பக்கத்துலயே நிப்பா மாப்ள, கண்டுபிடிச்சிடுவா" என்று அத்தான் அன்றைக்கே ஒதுக்கிவிட்டார்.

பத்து மணி. திறந்தது. சின்னவர் விரல் பறந்தது. அடுத்த மார்ச் மாதம், பன்னிரண்டாம் தேதி, காலை எட்டு நாற்பது. இடம் சிக்கிவிட்டது. பதினைந்து நிமிஷத்துக்குள் விவரம் கொடுக்க வேண்டும் என்று திரையின் மூலையில் சிவப்பு எண்கள் குறைய ஆரம்பித்தன.

"கிடைச்சிருச்சு அத்தான்."

"அப்படிப் போடு. படி, படி."

சின்னவர் ஒவ்வொரு வரியாகப் படித்து நிரப்பினார். தங்கும் அறை, சாப்பாடு, வண்டி, ஒவ்வொருத்தர் மெயில் முகவரி. கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"என்ன நிறுத்திட்ட?"

வழக்கமாக இருந்தால் அதை முழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். வரைபடத்தைத் தவிர, இரண்டு வருஷமாக உலகத்தையே அப்படித்தான் வெட்டி ஒட்டிப் படித்துக்காட்டினார். அன்றைக்கு ஏனோ முழுங்க முடியவில்லை. "குழுவில் யாருக்காவது பார்வைக் குறை உண்டா? உண்டு என்றால், பந்தைப் பார்த்துச் சொல்ல மைதானமே ஒரு ஆளைக் கூட அனுப்பும்" என்று படித்தார்.

அத்தான் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "இல்லன்னு போடு."

"அவங்களே ஆள் தர்றாங்க அத்தான். இதுல என்ன இருக்கு?"

"மெயில் எல்லாருக்கும் போகும்ல? சம்பந்தி ஊரைக் கூட்டிச் சொல்லிடுவாரு. உங்க அக்கா என்னை சோபால உக்கார வெச்சு சோறு ஊட்டுவா. கம்பெனிக்கு எவன் வேலை குடுப்பான்? இல்லன்னு போடு."

எட்டு நிமிஷம் மிச்சம்.

"அடுத்த மார்ச்ல நான் இங்க இருக்க மாட்டேன் அத்தான்."

வெளியே இரும்பு அறுக்கும் சத்தம் நின்றிருந்தது. சின்னவர் பயிற்சி நிலையத்தைப் பற்றிச் சொன்னார், வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னார்.

"நல்ல வேலைதான்" என்றார் அத்தான். "போ, யாரு வேணாம்னது? இந்த ட்ரிப் முடியட்டும். நானே ரயில் ஏத்தி விடுறேன்."

அத்தானின் 'முடியட்டும்' என்றைக்கும் முடிந்ததில்லை. போன வருஷம் மகள் கல்யாணம் முடியட்டும் என்றார், அப்புறம் அந்த இருபது மாடி வேலை முடியட்டும் என்றார்.

"அதுவரைக்கும் அவங்க காத்திருக்க மாட்டாங்க அத்தான்."

"வேற எங்கயாவது கிடைக்கும். உன் கெட்டிக்காரத்தனத்துக்கு என்ன குறைச்சல்? எத்தனை நிமிஷம் இருக்கு?"

"அஞ்சு."

"அமுக்கு மாப்ள. கைக்கு வந்தது போயிடப் போகுது."

சின்னவர் திரையைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். அத்தான் முகம் அவர் பக்கம்தான் இருந்தது, ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது. இந்த அறையில் எது எழுதியிருக்கிறது என்று முடிவு செய்வது தன் வாய் மட்டும்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த நினைப்பே அவருக்கு அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் கை நகர்ந்தது. பார்வைக் கேள்வியில் 'ஆம்' என்பதைத் தொட்டு அத்தான் பேரைக் குறித்தார். நாலாவது வரியில் தன் பேரை அழித்துவிட்டு அக்கா பேரை அடித்தார். அவள் மெயில், அவள் சான்றிதழ்.

"ஒரு தடவை முழுசா படிச்சுக் காட்டிட்டு அனுப்பு" என்றார் அத்தான்.

"முதல்ல நீங்க. அடுத்து டாக்டர். அப்புறம் சம்பந்தி." திரையில் அக்கா பேர் இருந்தது. "நாலாவது நான்."

"கண்ணு விஷயம்?"

"இல்லன்னு போட்டாச்சு."

இரண்டு வருஷத்தில் எத்தனையோ மறைத்திருக்கிறார், அத்தானிடமே பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. பொத்தானை அமுக்கினார். இடம் உறுதியாகிவிட்டது.

அத்தான் சந்தோஷத்தில் கையை நீட்டினார். கை கொஞ்சம் தள்ளிப் போனது. எப்போதும்போல் சின்னவர்தான் தன் கையை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தார். "பதினாறாவது குழிக்குக் கடலைத் தாண்டி அடிக்கணுமாம். கடல் என்ன கலர்ல இருக்குன்னு நீதான் எனக்குச் சொல்லணும்" என்றார் அத்தான். அதைக் கேட்டதும் சின்னவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உடனே எழுந்தார். முதலில் இந்த அறையை விட்டுப் போய்விட வேண்டும், மனைவிக்கு போன் பண்ணி 'பயிற்சி நிலையத்துக்குச் சரின்னு சொல்லிடு' என்று சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். ரப்பர் செருப்பு சத்தம் போடாமல் கதவு வரைக்கும் போனார்.

மேஜை மேல் அத்தானின் போன் அடித்தது. பொத்தான்களைத் தேடுகிற தொல்லை வேண்டாமென்று அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏங்க, அந்த கோல்ஃப்காரங்க எனக்கு மெயில் அனுப்பியிருக்காங்க. நாலாவது ஆள் நான்னு போட்டிருக்கு."

"தப்பா வந்திருக்கும். நாலாவது உன் தம்பி."

"என் சான்றிதழ் நம்பர் வரைக்கும் போட்டிருக்காங்க. உங்க பேருக்குக் கீழ, பார்வைக் குறை உண்டு, பந்தைப் பார்க்க ஆள் வேணும்னு இருக்கு. என்னங்க இது?"

அத்தான் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போனது. சின்னவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை நோக்கித் தலையைச் சாய்த்தார். நாற்காலி காலியாக இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

"உங்களைத்தான் கேக்குறேன். கண்ணுக்கு என்ன?"

"கொஞ்சம் மங்கலா இருக்கு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

அக்கா மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது. குரல் உடைந்துபோய்த்தான் அடுத்த கேள்வி வந்தது. "தம்பிக்குத் தெரியுமா? அவனுக்குத் தெரிஞ்சும் எங்கிட்ட மறைச்சானா?"

கதவுக் கைப்பிடி சின்னவர் உள்ளங்கையில் இருந்தது. அதைத் திருகினால் போதும்.

"அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அத்தான், காலி நாற்காலியைப் பார்த்து. "நான் யாருக்கும் சொல்லல. இந்த ஃபாரத்தைக்கூட நான்தான் வேற ஆளை வெச்சுப் போட்டேன். அவனை ஒண்ணும் கேக்காத. அவனுக்கு வேற ஊர்ல நல்ல வேலை கிடைச்சிருக்கு, போகட்டும்."

சின்னவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். திரும்பி வந்து, அத்தான் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அத்தான் திட்டியிருந்தால் அவர் அப்படியே போயிருப்பார்.